பிராய்டின் நாற்காலியும் ஈரானி ஓட்டல் நாற்காலியும்

(நமது மும்பை நிருபர்)

மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் புறப்படும் ரயிலில் மனிதர்கள் மட்டுமா போகிறார்கள்? கட்டில், பீரோ, தொட்டில், தையல் மெஷின், நாற்காலி எல்லாம் அதே வண்டியின் பிரேக் வேனில் ஏறிப் பின்தொடர்கின்றன. பகலில் ரயில்வே பார்சல் ஆபீசில் குமாஸ்தா, மிச்ச நேரத்தில் இந்தப் பத்திரிகைக்கு நிருபர் என்று இரட்டைக் குதிரைச் சவாரி செய்யும் எனக்கு, இந்தச் சாமான்களைப் பார்ப்பதே ஒரு பள்ளிக்கூடம்.

முப்பது நாற்பது வருஷம் மும்பையில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் எதை எடுத்துப் போகிறார், எதை விட்டுப் போகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? போன வருஷம் வாங்கிய புதுக் கட்டிலைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடுவார். கால் ஆடுகிற பழைய சாமான் ஒன்றைக் கோணியில் சுற்றி, சணலால் வரிந்து கட்டி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு வருவார்.

ஒரு பெரியவர் அப்படித்தான் ஒரு மர ஸ்டூலோடு வந்து நின்றார். மேஜை நாற்காலி போன்ற சாமான்கள் எடை குறைவாக இருந்தாலும் இடத்தை அடைக்கும். ஆகவே நீள அகல உயரம் பார்த்துக் கட்டணம் போடுவது ரயில்வே வழக்கம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு ஆகிற செலவுக்கு ஊரிலே புதுசே வாங்கிடலாமே" என்றேன்.

"புதுசிலே எங்க வீட்டம்மா உக்காந்து சோறு பொங்கினாளா தம்பி? நீ சீட்டைப் போடு" என்றார். போட்டேன். அவர் போனபிறகு பக்கத்து மேஜைக்காரரும் நானும் சிரித்தோம்.

இந்தச் சித்திரையில் அதே கேள்வி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தார். "ஏலே, வீட்டை ஒதுக்கிக்கிட்டிருக்கேன். அப்பா நாற்காலியை என்ன செய்யட்டும்? பழைய சாமான்காரன் நூத்தம்பது ரூபாய்க்குக் கேக்கான்." எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "ரெண்டு நாள் பொறு அண்ணே" என்று போனை வைத்தேன். இரண்டு நாள் இரண்டு வாரமாயிற்று. அந்த இரண்டு வாரத்தில் புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். அப்பாவின் நாற்காலியைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

"நான்" என்பது எதுவரை?

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். மனோதத்துவம் என்றால் ஏதோ பைத்தியக்கார ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்டது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம்.

அமெரிக்க மனோதத்துவ மேதை வில்லியம் ஜேம்ஸ் 1890-ல் வெளியிட்ட பெரிய நூலில் ஒரு விஷயம் சொல்கிறார். ஒருவனுடைய "நான்" அவன் தோலோடு முடிந்துவிடுவதில்லை. உடுத்துகிற துணி, குடியிருக்கிற வீடு, பெண்டு பிள்ளை, செய்த வேலை, சேர்த்த சொத்து எல்லாமே அந்த "நான்" என்பதற்குள் அடக்கம். அவை தழைத்தால் அவன் நிமிர்கிறான். அவை குறைந்தால் தானே குறைந்துவிட்டதாகத் துவண்டுபோகிறான். சைக்கிள் திருட்டுப்போய் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவர்களை நமக்கே தெரியும். இதைச் சொல்ல ஜேம்ஸ் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லைதான். ஆனால் படித்தவர் ஒருவர் சொன்னால் நம் மனசுக்கு ஒரு தைரியம்.

ஜேம்சுக்குப் பல வருஷம் கழித்து, 1977-ல், சிகாகோ நகரில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒருவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. (இந்தப் பெயரை எழுத்துக்கூட்டுவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.) இன்னொருவர் யூஜின் ராக்பர்க் ஹால்டன். 82 குடும்பங்களில் பாட்டன், மகன், பேரன் என்று மூன்று தலைமுறையாக 315 பேரைப் பார்த்து, "இந்த வீட்டில் உங்கள் மனசுக்கு நெருக்கமான சாமான் எது, ஏன்?" என்று கேட்டார்கள். 1981-ல் அதைப் புத்தகமாகப் போட்டார்கள்.

நகை, கார் என்றுதான் பதில் வந்திருக்கும் என்று நினைப்போம். அதிகம் பேர் சொன்னது நாற்காலி, மேஜை, கட்டில் போன்ற மரச்சாமான்களைத்தான். இளவட்டங்கள் பாட்டுப் பெட்டியைச் சொன்னார்கள், கிழவர்கள் புகைப்படங்களைச் சொன்னார்கள். ஏன் பிடிக்கும் என்று கேட்டதற்கோ, விலையையும் அழகையும்விட, அதில் உட்கார்ந்தவர், அதைக் கொடுத்தவர், அதைச் சுற்றி நடந்தவை என்று பழைய நினைவுகளைத்தான் மிகுதியாகச் சொல்லியிருக்கிறார்கள். நமது ஸ்டூல்காரப் பெரியவர் சிகாகோ போனதில்லை.

இது சாமானை வைத்திருப்பவர்களின் சங்கதி. மனிதனின் "நான்" எது என்று யோசித்தே ஒருவர் நாற்காலி செய்தால் அது எப்படி இருக்கும்? அப்படிச் செய்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒரே ஒருவருக்காக

மனோதத்துவம் என்றதும் நினைவுக்கு வருகிறவர் வியன்னா டாக்டர் சிக்மண்ட் பிராய்டு. அவருடைய சாய்வுப் படுக்கை உலகப் பிரசித்தம். 1890 வாக்கில் ஒரு நோயாளி அம்மையார் அன்பளிப்பாகக் கொடுத்தது அது. பாரசீகக் கம்பளம் விரித்த அந்தப் படுக்கையில் நோயாளி சாய்ந்து மனசில் பட்டதைச் சொல்வார். டாக்டர் தலைமாட்டுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் உட்கார்ந்திருப்பார். தினமும் எட்டு மணி நேரம் மற்றவர்கள் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தன்னால் தாங்க முடியாது என்று அவரே ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தவர்களுக்கு அவர் கஷ்டம் புரியும்.

படுக்கை எல்லோருக்கும் தெரியும். அவருடைய மேஜை நாற்காலியைப் பற்றித்தான் அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

பிராய்டு புத்தகம் படிக்கும்போது உட்காருகிற விதமே தனி. குறுக்குவாட்டில் சரிந்து, ஒரு காலைத் தூக்கி நாற்காலியின் கைமேல் போட்டுக்கொள்வார். புத்தகத்தை உயரத் தூக்கிப் பிடிப்பார். தலைக்கு எந்தத் தாங்கலும் இருக்காது. இதைப் பார்த்துப் பார்த்து மகள் மதில்டாவுக்கு மனசு பொறுக்கவில்லை. "உட்காருகிற முறையை மாற்றிக்கொள்ளுங்கள் அப்பா" என்று சொல்லிப் பலனில்லை என்பதும் அவருக்குத் தெரியும் போலிருக்கிறது. பீலிக்ஸ் ஆகன்பெல்டு என்ற கட்டடக்கலைஞரிடம் போய், அப்பா உட்காருகிற விதத்தை விவரித்து, அதற்கேற்ப ஒரு நாற்காலி வேண்டும் என்றார். 1930-ல் அது தயாரானது.

படத்தில் பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடும். ஒடுங்கிய முதுகு, அதற்குமேல் தலைபோல ஓர் உருண்டை. இரண்டு பக்கமும் காலைத் தூக்கிப் போட வசதியாக, பஞ்சு வைத்துத் தோல் போர்த்திய கைகள். யாரோ ஓர் ஆள் மேஜைக்கு முன்னால் கைகளை விரித்து நிற்பதுபோல இருக்கும். அதன் மடியில் பிராய்டு உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

நாற்காலிக்கு மனிதனை வளைக்காமல் மனிதனுக்காக நாற்காலியை வளைத்த காரியம் இது. இன்னொருவர் உட்கார்ந்தால் பொருந்தாது. ஒரு மனிதனின் பழக்கம், பிடிவாதம், சோம்பல் எல்லாம் சேர்ந்து மரமும் தோலுமாகிவிட்டது. ஒரு மகள் தகப்பனைக் கவனித்த கவனிப்பும் அதில் இருக்கிறது. எனக்கென்னவோ அதுதான் பெரிதாகப் படுகிறது.

1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்தது. யூதரான பிராய்டு ஜூன் மாதம் வியன்னாவை விட்டு லண்டனுக்குப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 82, தாடையில் புற்றுநோய். தப்பிப் போவதற்கும் வரி கட்டவேண்டியிருந்தது. சாமான்கள் வருமா வராதா என்ற கவலை வேறு. ஆகஸ்டில் அவை வந்து சேர்ந்தன. படுக்கை, மேஜை, அந்த நாற்காலி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பழங்காலச் சிலைகள் எல்லாம்! பார்சல் ஆபீஸ்காரன் என்ற முறையில் அந்தச் சாமான்களைக் கட்டியவர்களுக்கு ஒரு சலாம் போடுகிறேன்.

மகன் எர்ன்ஸ்டும், வீட்டில் நெடுநாள் வேலை பார்த்த பவுலா என்ற பெண்மணியும் லண்டன் வீட்டில் அவற்றை வியன்னாவில் இருந்தபடியே அடுக்கி வைத்தார்கள். பவுலா மேஜைமேல் இருந்த சிலைகளைக்கூட அந்தந்த இடம் மாறாமல் வைத்தாராம். ஊர் போய்விட்டது, பாஷை போய்விட்டது. அறை மட்டும் அப்படியே வந்துவிட்டது. அந்த அறையில் மேலும் ஒரு வருஷம் நோயாளிகளைப் பார்த்து, எழுதி, 1939 செப்டம்பரில் பிராய்டு காலமானார்.

நம் நாட்டுக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. கல்கத்தாவில் 1922-ல் இந்திய மனப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கிய டாக்டர் கிரீந்திரசேகர போஸ், பிராய்டின் 75-வது பிறந்தநாளை ஒட்டி 1931-ல் தந்தத்தில் செய்த ஒரு விஷ்ணு விக்கிரகத்தை அனுப்பியிருந்தார். பிராய்டு அதைத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டார். அதுவும் லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்த வீடு 1986 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. வியன்னாவில் பழைய வீட்டையும் 1971-ல் காட்சிசாலையாக்கினார்கள். நோயாளிகள் காத்திருந்த அறையின் சாமான்களை மகள் அன்னா லண்டனிலிருந்து திருப்பி அனுப்பினார். படுக்கையும் நாற்காலியும் திரும்பவில்லை.

எல்லோருக்கும் ஒன்று

அதே வியன்னா நகரத்திலிருந்துதான் இதற்கு நேர்மாறான இன்னொரு நாற்காலியும் உலகத்துக்கு வந்தது. மைக்கேல் தோனெட் என்ற தச்சர் 1859-ல் செய்தது. பீச் மரக்கம்பை நீராவியில் வேகவைத்து வளைத்து, வட்டமான இருக்கை, வளைந்த முதுகு. ஆறே துண்டுகள், பத்துத் திருகாணி, இரண்டு நட்டு. கழற்றி அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டியில் 36 நாற்காலி அடங்கும்! (இடத்துக்குக் கட்டணம் போடுகிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய சூட்சுமம் என்பது தெரியும்.) 1930-க்குள் ஐந்து கோடி நாற்காலி விற்றதாகக் கணக்கு.

இந்த ஜாதி நாற்காலியை மும்பைக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஈரானி ஓட்டல்களில் சலவைக்கல் பதித்த மேஜையைச் சுற்றி, கறுப்பாக, கம்பு வளைத்த முதுகோடு நிற்குமே, அதுதான். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவை.

"நீ யார்?" என்று இந்த நாற்காலி கேட்பதில்லை. வக்கீல் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், மில் தொழிலாளி உட்கார்ந்தாலும் ஒன்றுதான். பிராய்டு நாற்காலி ஒரே ஒருவருக்கு. தோனெட் நாற்காலி உலகத்துக்கே. இதில் எது மனிதனின் "நான்" என்பதை அதிகம் மதிக்கிறது? முதலில் எனக்கு பிராய்டுடையதுதான் என்று தோன்றியது. இப்போது அவ்வளவு நிச்சயமில்லை.

சங்கிலியோடு ஒரு நாற்காலி

1969-ல் இத்தாலியைச் சேர்ந்த கெய்டானோ பெஷே என்பவர் ஒரு சாய்வு நாற்காலி செய்தார். மரச்சட்டமே இல்லை, முழுக்க நுரை ரப்பர். உருவம் பழைய காலத்துத் தாய்த்தெய்வச் சிலை மாதிரி, பெருத்த மார்பும் அகன்ற இடுப்புமாக. உட்காருகிறவர் தாய் மடியில் உட்காருகிற மாதிரி இருக்கும். அதோடு ஒரு பெரிய உருண்டை, கால் வைத்துக்கொள்ள. அந்த உருண்டையை நாற்காலியோடு சங்கிலிபோலப் பிணைத்திருந்தார். பழைய நாளில் கைதியின் காலில் இரும்புக் குண்டு கட்டுவார்களே, அதுபோல. பெண் தன் விருப்பமில்லாமலே ஆண்களின் தப்பெண்ணங்களுக்குக் கைதியாக இருக்கிறாள் என்பதைச் சொல்லவே இப்படிச் செய்ததாக விளக்கம் தந்தார்.

அது வீட்டுக்கு வந்த விதமும் விசித்திரம். காற்றை உறிஞ்சி அப்பளம்போலத் தட்டையாக்கிக் கட்டி அனுப்புவார்கள். உறையைப் பிரித்ததும் காற்றை இழுத்துக்கொண்டு தானாக உப்பி எழுந்து நாற்காலியாகிவிடும். 1973-ல் தயாரிப்பு நின்று, 2000-ல் மறுபடி வந்தது.

விஷயம் அதோடு முடியவில்லை. ஐம்பதாவது ஆண்டான 2019-ல் மிலான் நகரத்துப் பெரிய தேவாலய மைதானத்தில் அதே உருவத்தை எட்டு மீட்டர் உயரத்தில் நிறுத்தி, உடம்பெல்லாம் அம்பு குத்தி வைத்தார் பெஷே. பெண்கள் இயக்கத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பெண்ணின் துன்பத்தைச் சொல்கிறேன் என்று அவளையே தலையில்லாத சாமானாக்கி, மேலே உட்காரவும் சொல்வது என்ன நியாயம் என்பது அவர்கள் வாதம். பெஷே 2024-ல் காலமாகிவிட்டார். வாதம் இன்னும் இருக்கிறது. என் மனைவியிடம் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "உக்காருறவங்களுக்குச் சங்கிலி இல்லியே" என்று மட்டும் சொன்னாள்.

உட்காரச் சொல்வார்களா?

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஓர் உறுத்தல். நாற்காலி எப்படி இருக்கவேண்டும் என்பது அவர்கள் ஊர்க் கேள்வி. நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதல்லவா நம் ஊர்க் கேள்வியாக இருந்தது!

டாக்டர் அம்பேத்கர் சதாராவில் படித்த சிறுவயதில் வகுப்பில் தனியாக ஒரு கோணித்துண்டில் உட்காரவேண்டியிருந்ததை எழுதியிருக்கிறார். பள்ளியைச் சுத்தம் செய்கிற ஆள் அந்தக் கோணியைத் தொடமாட்டார். ஆகவே சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய், மறுநாள் காலையில் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஒரு குழந்தை தன் இருக்கையைத் தானே சுமந்துகொண்டு நடக்கிறது. "நீ யார்" என்று அந்தக் கோணி ஒவ்வொரு நாளும் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது. எந்த மனோதத்துவப் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக இருக்கிறது?

அது பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் பரவியது. மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள்.

ஜவுளிக்கடைகளில் காலையிலிருந்து இரவுவரை நின்றே சேலை விரித்துக் காட்டுகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-லும், தமிழ்நாடு 2021-லும் சட்டத் திருத்தம் கொண்டுவரவேண்டியிருந்தது. உட்காருவதற்கு ஒரு சட்டம்!

புதுச்சேரியில் சுந்தரானந்தர்

"அடையாளம்" என்ற சொல்லை மனோதத்துவத்தில் பிரபலமாக்கியவர் எரிக் எரிக்சன். 1962-ல் அகமதாபாத் வந்து, பிறகு காந்தியடிகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதியவர். நான் என்னை யாராக நினைக்கிறேனோ, ஊரும் என்னை அப்படியே நினைத்தால் மனசு நிலையாக நிற்கும் என்பது, நான் புரிந்துகொண்ட அளவில், அவர் கருத்து. இரண்டும் பொருந்தாவிட்டால் தத்தளிப்புதான். பிழைக்கப் போன இடத்தில் "மதராஸி" என்றும், சொந்த ஊருக்குப் போனால் "பம்பாய்க்காரன்" என்றும் பெயர் வாங்குகிற நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அப்படித் தத்தளிக்க எல்லாக் காரணமும் இருந்தும் நிலைத்து நின்ற ஒரு தச்சர் ஜார்ஜ் நகஷிமா. 1905-ல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்து, கட்டடக்கலை படித்தவர். 1937-ல் புதுச்சேரிக்கு வந்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்காகக் கட்டிய கோல்கொண்டா விடுதி வேலையை மேற்பார்வையிட வந்தவர், சாதகராகவே தங்கிவிட்டார். "சுந்தரானந்தா" என்று ஆசிரமப் பெயரும் கிடைத்தது. அந்த விடுதிக்குத் தேக்கில் அவர் வடிவமைத்த சாமான்களே அவருடைய முதல் மரவேலைகளில் அடங்கும்.

அமெரிக்கா திரும்பினார். யுத்தம் வந்தது. ஜப்பானிய வம்சாவளியினர் பலரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. 1942-ல் மனைவி, கைக்குழந்தையோடு அவரும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனார். பிறந்த நாடே "நீ எங்கள் ஆள் இல்லை" என்று சொல்லிவிட்டது. அந்த முகாமில் ஹிகோகாவா என்ற ஜப்பானியத் தச்சரிடம், கிடைத்த துண்டு மரங்களைக் கொண்டே தொழில் நுணுக்கம் பழகினார். 1943-ல் விடுதலையாகிப் பென்சில்வேனியாவில் பட்டறை போட்டார்.

அவருடைய மேஜைகளைப் பார்த்தால், மரத்தின் ஓரத்தைச் சீவி நேராக்கியிருக்கமாட்டார். மரம் வளர்ந்த வளைவு அப்படியே இருக்கும். வெடிப்பு இருந்தால் மெழுகு வைத்து அடைக்கமாட்டார். வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் ஓர் ஆப்பை வெடிப்பின் குறுக்கே பதித்துப் பிடித்து நிறுத்துவார். வெடிப்பும் தெரியும், தாங்கியதும் தெரியும். மரத்துக்கு ஆன்மா உண்டு, தச்சன் தன்னை முன்னால் நிறுத்தாமல் அதற்கு இரண்டாம் வாழ்வு தரவேண்டும் என்பது அவர் கொள்கை. 1981-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயரே "மரத்தின் ஆன்மா" என்ற பொருள் தருவது.

ஆகவே நெடுங்காலம் தான் செய்த சாமானில் அவர் தன் பெயரைப் போட்டதில்லை. யாருக்காகச் செய்தாரோ அவர் பெயரை அடிப்பக்கத்தில் மையால் எழுதிவிடுவார். பார்சலில் நாங்கள் மார்க்கா எழுதுகிற மாதிரி! 1990-ல் அவர் காலமானார். அவர் எண்ணப்படி செய்த பெரிய சமாதான மேஜைகளில் ஒன்று ஆரோவில்லில் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம்.

அப்பாவின் நாற்காலி

இனி எங்கள் வீட்டுச் சங்கதி.

அப்பா பரேல் பக்கத்து மில் ஒன்றில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் நாலைந்து பேராக ஓர் ஈரானி ஓட்டலுக்குப் போவார்கள். ஒரு சாயா, ஒரு பன் மஸ்கா. "மில்லிலே எட்டு மணி நேரமும் நின்னுக்கிட்டே நிக்கணும். எங்களை உக்காருங்கன்னு சொன்னது அந்த ஈரானி ஒருத்தர்தாம்லே" என்பார். 1982 ஜனவரியில் மில் வேலைநிறுத்தம் ஆரம்பித்தது. இரண்டரை லட்சம் பேரில் அப்பாவும் ஒருவர். திரும்ப வேலைக்குப் போகவேயில்லை. காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கி எங்களை வளர்த்தார். பிற்பாடு அந்த ஓட்டலும் மூடப்பட்டு, சாமான்களை விற்றபோது, அறுபது ரூபாய் கொடுத்து ஒரு நாற்காலியை வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மூட்டை தூக்கிவிட்டு வந்து அறை வாசலில் அதில்தான் உட்காருவார்.

ஐந்து கோடியில் ஒன்று என்று சொல்லத்தக்க, யாருடைய அடையாளமும் இல்லாத நாற்காலி அது. ஆனால் அப்பா வலது பக்கம் சாய்ந்தே உட்காருவார். மூட்டை தூக்கிய தோளுக்கு அதுதான் சுகம். முப்பது வருஷத்தில் முதுகு வளையத்தின் வலது பக்கம் மட்டும் மெருகு போய், மரம் வெளுத்து, வழவழவென்றாகிவிட்டது. பிரம்பு இருக்கை கிழிந்து, ஊர் ஆசாரி பலகை வைத்துத் தைத்திருக்கிறார். பிராய்டுக்கு ஒரு கலைஞர் செய்துகொடுத்ததை அப்பா தானே உட்கார்ந்து உட்கார்ந்து செய்துகொண்டார்.

2011-ல் அவர் ஊருக்குத் திரும்பியபோது நான் வேலையில் சேர்ந்த புதிது. நாற்காலிக்கு நானே சீட்டுப் போட்டேன், கோணியில் மார்க்காவும் நானே எழுதினேன். சென்ற வருஷம் அப்பா போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அண்ணனுக்குப் போன் செய்து, "அனுப்பிடு அண்ணே" என்றேன். "நூத்தம்பது ரூபாய்ச் சாமானுக்கு எவ்வளவு செலவு பண்ணப்போறே?" என்று சிரித்தார். வீட்டில், "பத்துக்குப் பன்னிரண்டு ரூமிலே எங்கே போடப்போறீங்க?" என்றாள் மனைவி. இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

நாற்காலி வந்து சேர்ந்தது. அன்றைக்கு எனக்கு விடுமுறை. மறுநாள்தான் எடுத்தேன், ஒருநாள் தாமதத்துக்கு வார்பேஜும் கட்டினேன். பக்கத்து மேஜைக்காரர் கோணியைத் தட்டிக் காட்டினார். "பழைய மார்க்காவை அழிக்காம அனுப்பியிருக்காங்க பாருங்க. இதனாலதான் சாமான் இடம் மாறிப்போகுது." குனிந்து பார்த்தேன். 2011-ல் கட்டிய அதே கோணியை அப்பா மடித்துப் பரணில் வைத்திருக்கிறார். அண்ணன் அதிலேயே சுற்றி அனுப்பியிருக்கிறார். புதுச் சீட்டுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெயிண்டில் என் கையெழுத்திலேயே அப்பாவின் பெயர், திருநெல்வேலி. டெலிவரிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கோணியை உருவி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

லோக்கல் ரயிலில் லக்கேஜ் பெட்டியில் நாற்காலியை ஏற்றினேன். மசூதி பந்தரில் ஒரு மீன்காரப் பெண்மணி காலிக் கூடைகளோடு ஏறினார். நல்ல வயசு. பெட்டியில் உட்கார இடமில்லை. பைகுல்லா தாண்டியதும் நாற்காலியைப் பார்த்து, உட்காரட்டுமா என்று மராத்தியில் கேட்டார். "உட்காருங்கள் ஆயி" என்றேன். முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பரேல், தாதர், மாட்டுங்கா என்று ஒவ்வொன்றாகத் தாண்டியும் அப்படியே இருந்தார். சயான் வந்ததும் எழுந்து, நாற்காலியைப் பிளாட்பாரத்தில் இறக்க ஒரு கை கொடுத்தார்.